பெரியப்பாவின் டச்சும் மாமாவின் ஜப்பானும்

யுத்தம் முடிந்த மறு ஆண்டு நான் திண்டிவனத்தில் மூன்றாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் முதல் மாணவன். பள்ளி ஆய்வாளர் முன்னிலையில் ஆங்கிலப் பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்துப் பாராட்டுப் பெற்றவன். உறவினர் வீடுகளுக்குத் தந்தி வந்தால் படித்துச் சொல்ல என்னைத்தான் தேடுவார்கள். இவற்றை முதலில் சொல்லிவிடுவது முறை. ஒரு சிறுவனை விளையாட்டுக்காக நடுவில் உட்காரவைத்தார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. என்னை நடுவராக நியமித்தவர் என் பெரியப்பா. அவர் எதையும் விளையாட்டாகச் செய்பவரல்லர்.

பெரியப்பாவின் வீடு விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்தது. இளமையில் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், டிரான்ஸ்வாலில் ஒரு வெள்ளைக்காரப் பண்ணை முதலாளியிடம் பல்லாண்டு வேலை பார்த்துத் திரும்பியவர். அந்த முதலாளிகளின் மொழியைச் சரளமாகப் பேசுவார். வீட்டில் நாங்கள் அதை டச்சு என்றோம். ஆப்பிரிக்கான்ஸ் என்ற அதன் பெயரை நான் கல்லூரியில்தான் அறிந்தேன்.

என் தாயின் தம்பியான மாமா யுத்தத்துக்கு முன்பே மலாயாவுக்குப் போனவர். பெரியப்பாவின் மகளை, அதாவது என் அக்காவை, அவருக்குக் கொடுப்பதென்று அப்போதே பேச்சு. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபின் கடிதம் நின்றது. அக்கா காத்திருந்தாள். யுத்தம் ஓய்ந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய மாமா, ஜப்பானியர் தம்மைச் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனதாகச் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனமே அவருக்கு எதிராயிற்று. பெரியப்பாவுக்கு வேண்டிய அனந்தபுரத்துக்காரர் ஒருவர், மல்லாட்டை என்னும் வேர்க்கடலையின் தரகர், வேறு கதை கொண்டுவந்தார்.

“சயாமாவது கியாமாவது! பம்பாய் ஓட்டல்ல மாவாட்டிக்கினு இருந்தாராங்க. பாத்தவனே சொன்னான்.”

பொய்யனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்பதில் பெரியப்பா உறுதியாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை விழுப்புரத்துக்கு வரவழைத்தார். என் தாயோடு நானும் ரயிலில் போயிருந்தேன். கூடத்தில் தரகரும் இருந்தார்.

“ஏம்பா, ஜப்பான்காரன்கிட்ட அத்தினி நாள் இருந்தேன்னா அவன் பாஷை வந்திருக்கணுமே. பேசு, பாக்கலாம்” என்றார் பெரியப்பா.

மாமா தலைகுனிந்தபடி ஏதோ சொன்னார். தரகர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“இத நான்கூட பேசுவேங்க. கிச்சா மொச்சா கொச்சா! இது ஜப்பான் இல்லன்னு சொல்றதுக்கு இங்க யாரு இருக்கறாங்க?”

கேள்வி நியாயமானது. பெரியப்பாவின் பார்வை என்மீது விழுந்தது. “இங்கிலீசு படிச்சவன் நீ. உண்மையா பொய்யான்னு நீயே பாத்துச் சொல்லு. அப்புறந்தான் எல போடணும்” என்றார்.

சமையலறை வாயிலில் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “கஷ்டமா எதுவும் கேக்காதடா. மல்லாட்டை வறுத்து வெல்லம் போட்டுத் தர்றேன்.” நடுவர் கையூட்டு வாங்குவதில்லை என்று அவளிடம் தெரிவித்தேன்.

முறையை நானே வகுத்தேன். சில வாக்கியங்களைத் தமிழில் சொல்வேன். மாமா ஜப்பான் மொழியில் சொல்ல வேண்டும், சிலேட்டில் எழுதிக்கொள்வேன். பிறகு வரிசையை மாற்றிக் கேட்பேன். புனைந்த மொழியானால் இரண்டாம் முறை மாறிவிடும். உண்மையான மொழி எப்படி நடந்துகொள்ளும் என்று ஒப்பிட்டுப் பார்க்க, பெரியப்பாவும் அதே வாக்கியங்களை டச்சில் சொல்ல வேண்டும். அதில் அவருக்கு மகிழ்ச்சியே.

‘நான் தண்ணீர் குடிக்கிறேன்’ என்பதில் தொடங்கினேன். “எக் ட்ரிங்க் வாத்தர்” என்றார் பெரியப்பா. சளி பிடித்த ஆங்கிலம்போல் இருக்கவே, எனக்கு முதலில் அவர்மீதுதான் சந்தேகம் வந்தது. ஆனால் ‘நேற்று’ என்றதும் தொண்டையின் அடியிலிருந்து ஓர் ஒலி உரசிக்கொண்டு வந்தது. அதை எழுதத் தமிழில் ஆய்தம் ஒன்றே உதவியது: ஃகிஸ்டர். வேலையின்றிக் கிடந்த அந்த எழுத்துக்கு அன்று ஓய்வில்லை.

ஜப்பான் மொழியோ சிலேட்டில் தானாக வந்து உட்கார்ந்தது. “மிஸு ஓ நோமிமாஸ்.” தண்ணீர், அதன்பின் ஒரு வேற்றுமை உருபு, கடைசியில் வினை, நம் வாக்கியமேதான். நேற்று என்றால் வால் மட்டும் “நோமிமாஷ்த” என்று மாறியது. நான், நீ, அவன், அவள் யார் குடித்தாலும் இரண்டு மொழிகளிலும் வினை அப்படியே நின்றது. எத்தனை சிக்கனம்! மறுப்பு இன்னும் வியப்பாயிருந்தது. ‘குடிப்பதில்லை’ என்பதற்கு மாமா வாலை மாற்றி “நோமிமாஸேன்” என்றார். பெரியப்பா “எக் ட்ரிங்க் நீ வாத்தர் நீ” என்று மறுப்பை நடுவிலும் முடிவிலுமாக இரு முறை வைத்தார்.

வரிசையை மாற்றிக் கேட்டேன். மாமாவிடம் ஓர் எழுத்துப் பிசகவில்லை. பெரியப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “அட, அங்கயும் அவனுக்கும் அவளுக்கும் ஒரே பேச்சுதானா!” என்றார். மாமா தலைநிமிர்ந்து, “ஆமாங்க மாமா. மரியாதைக்குத்தான் வேற வேற வார்த்தை” என்றார். அந்த வீட்டில் அவர் தாமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

தரகர் விடவில்லை. “இதெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கினு வந்திருப்பாரு. புதுசா ஒண்ணு கேளு, தம்பி.”

நான் யோசித்துக் கேட்டேன்: ‘முதலாளி, இன்றைக்கு நான் வேலைக்கு வரமாட்டேன்.’

மாமா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. உட்கார்ந்திருந்தவர் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். முன்பு சொன்ன அதே வாலைச் சேர்த்தால் போதுமே என்று நான் எடுத்துக்காட்டினேன்.

“தெரியுதுடா. ஆனா அத நாங்க சொன்னதில்ல” என்றார்.

சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. தரகர் கையைத் தட்டினார். “மாட்டிக்கினாரா!”

நான் முறை தவறாதவன். பெரியப்பாவின் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க” என்றேன். பெரியப்பா எப்போதும்போல் தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுப்பை இரு முறை சொல்ல வசதியுள்ள மொழி அது. அவர் மாமாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலையத்தில் ஒரு ரயில் வந்து நின்று புறப்பட்டும் போய்விட்டது.

“எனக்கும் வராதுடா” என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “எல போடும்மா. மாப்ள நின்னுக்கினே இருக்காரு பாரு.”

“முடிவே சொல்லலியேங்க!” என்றார் தரகர்.

“உனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. கெளம்பு, ஜல்தி.”

முடிவு எழுதப்படாத தேர்வு எனக்குப் பெரிய அவமதிப்பாகப் பட்டது. சிலேட்டில் மாமாவின் பெயருக்கு எதிரே ‘தேறவில்லை’ என்று எழுதி, பெரியப்பாவின் பெயருக்கு எதிரேயும் அவ்வாறே எழுதினேன். அவர்கள் இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, எந்த மொழியிலும் பேசாமல் சாப்பிட்டார்கள். பெரியப்பா தம் அப்பளத்தை எடுத்து மாமாவின் இலையில் வைத்தார். தேறாத இருவர் எதைக் கொண்டாடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

தை மாதம் திருமணம் நடந்தது. மாமா ஜப்பான் மொழியை அருவிபோல் பொழிந்து அக்காவை வென்றார் என்றும், அதைக் கேட்டு நான் தேர்ச்சி அளித்தேன் என்றும் எங்கள் உறவில் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். இரண்டும் தவறு. மாமா கடைசிக் கேள்விக்கு விடை சொல்லவில்லை. நான் அவருக்குத் தேர்ச்சி அளிக்கவுமில்லை.