அக்கா கேட்டதும் நான் நேர்ந்ததும்

ஒரு பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிட்டு வளர வேண்டும் என்று சொல்லும் உரிமை பெற்றவர்களுக்கு உண்டு என்றால், பெற்றவர்கள் இருவருமே போன பிறகு அந்த உரிமை யாரிடம் இருக்கிறது?

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த ஓராண்டில் நான் இதற்குப் பதில் கண்டுபிடிக்கவில்லை. நினைவு மலரில் எழுத வேண்டிய விஷயமா இது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். கேள்வியை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுதிப் பார்த்தபோது, அது யாருடைய அக்காவைப் பற்றியோ எழுதியது போல இருந்தது. ஆகவே உள்ளதை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், அப்பாவின் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா அப்போது பிறர் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அக்காவுக்கும் ஏழு வயது வித்தியாசம். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துபோனார். அதன் பிறகு எனக்குத் தலை பின்னியதும் சோறு கட்டியதும் அக்காதான். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும், "ரெண்டு பேரும் படிச்சா சோறு யாரு பொங்குறது?" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வேனில் ஏறினார். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்புப் பிரிவு. சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது அவர் முழங்கை வரைக்கும் வெள்ளிப் பொடி மின்னும். சீசன் நேரத்தில் அந்தக் கையோடுதான் எனக்கு வாய்ப்பாடு கேட்டார். இன்று நான் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. அக்கா ஏறிய வேன்தான் என்னைப் படிக்க வைத்தது.

அதே கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டிய அத்தானுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தோம். ஆறு வருடம் பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கி, மூன்றாம் மாதத்திலேயே கலைந்தது. போகாத கோயில் இல்லை. இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு மட்டும் எத்தனை தடவை நடந்து போனார் என்று எனக்குத் தெரியும். கூட நடந்தவள் நான். இரண்டாவது தடவை கலைந்தபோது, கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த எஸ்தர் அக்காதான் பத்து நாள் வந்து பத்தியச் சோறு வைத்தார். நான் அப்போது பரீட்சை என்று போகவில்லை. எஸ்தர் அக்காவோடு அக்கா சபைக்குப் போகத் தொடங்கினார். பின்னால் அத்தானும் போனார். அடுத்த வருடம் கிருபா பிறந்தாள்.

அப்பா பேத்தியைப் பார்க்க மூன்று வருடம் போகவில்லை. "நான் வளத்த பிள்ள. நான் கும்பிட்ட சாமிய விட்டுட்டுப் போயிட்டா. என் பிள்ளைய என் சாமிக்கு வளக்குற உரிம எனக்கு இல்லையா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். நாலாவது வருடம் ஒரு சாக்கில் மக்காச்சோளக் கதிரோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். அதன் பிறகு மாதம் ஒருமுறை போவார். சாப்பிடும் முன் அக்கா கண்ணை மூடி ஜெபம் செய்யும்போது அப்பா இலையைப் பார்த்தபடி, "தாயி, சோறு ஆறுது. உங்க ஆளுகிட்டக் கொஞ்சம் சுருக்கிச் சொல்லு" என்பார். அக்கா கண்ணைத் திறக்காமலே, "உங்களுக்காகத்தாம்ப்பா நீளுது" என்பார். அத்தான் சிரித்துச் சிரித்துப் புரையேறுவார்.

அத்தான் லோடு இறக்கப் போன ஊரில் மாரடைப்பு வந்து இறந்தபோது கிருபாவுக்கு நாலு வயது. அடுத்த இரண்டு வருடத்தில் அக்காவுக்கு மார்பில் கட்டி என்று மதுரையில் சொன்னார்கள். ஊசி போடுவதற்கு மதுரை போகும் நாட்களில் எனக்கு எப்போதும் விடுப்புக் கிடைக்கவில்லை. சபைப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்தில் கூடப் போனார்கள். வாந்தி எடுத்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

கடைசி மாதம் அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒரு மதியம் நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தார்.

"ஏ புள்ள, கிருபாவ நீதான் பாக்கணும்."

"நான் பாக்காம யாரு பாப்பாக?"

"அடிக்கணும்னா அடி, படிக்க வைக்கிறதும் உன் இஷ்டம். ஞாயித்துக்கிழம மட்டும் வேதக்கோயிலுக்கு அனுப்பி வையி. பெருசாகி அவளா வேண்டாம்னா விட்ரு. அதுவரைக்கும் நாங்க குடுத்தத யாரும் எடுத்துறாதீக."

நான் "சரி" என்று சொல்லவில்லை. அப்பா அடுத்த அறையில் இருந்தார். என் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற யோசனையும் வந்தது. "பேசாம கஞ்சியக் குடிக்கா, நீயே எந்திரிச்சுக் கூட்டிட்டுப் போவ" என்றேன். அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மீனாவுக்கு இருமல் விட்டுச்சா?" என்று என் மகளைப் பற்றிக் கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொன்னேன். ஆனி மாதம் அக்கா காலமானார்.

கிருபா எங்களோடு வந்தாள். அப்பாவும் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கினார். அக்காவுக்கு வாக்குக் கொடுக்கவில்லையே தவிர, ஞாயிறுதோறும் அவளை அனுப்பி வைத்தேன். அனுப்பினேனே என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேலை இருந்த ஞாயிறுகளில் அனுப்பவில்லை, மழைக்கும் அனுப்பவில்லை. மீனாவுக்கு விபூதி வைக்கும்போது கிருபா சில நாள் நெற்றியைக் காட்டுவாள். சில நாள் தலையைத் திருப்பிக்கொள்வாள். காட்டும் நாளில் வைப்பது சரியா, அவள் சும்மா தங்கச்சியைப் பார்த்துத்தான் காட்டுகிறாளா என்று கையில் விபூதியோடு நான் நிற்பேன். மீனாவோ, தானும் ஞாயிறு பள்ளிக்குப் போவேன், அங்கே பிஸ்கட் தருகிறார்கள் என்று அழுவாள். என் வீட்டுக்காரர் அச்சாபீசில் மிஷின் ஓட்டுகிறவர். "எங்க மிஷின்ல காலையில முருகன் காலண்டர், மத்தியானம் இயேசு காலண்டர். இதுவரைக்கும் சாமிக் குத்தம்னு ஒரு நாளும் நின்னதில்ல. நீதான் நின்னுட்டே இருக்க" என்று கேலி செய்வார்.

பங்குனியில் கிருபாவுக்கு அம்மை போட்டது.

எங்களில் அம்மை கண்ட வீட்டின் முறை உங்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். அடுப்படியில் தாளிக்கக் கூடாது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை வெளியாள் வாசல்படி ஏறக் கூடாது. நான் படித்தவள்தான். அம்மை ஒட்டுவாரொட்டி என்றும் தெரியும். மருத்துவரிடம் காட்டி மருந்தும் வாங்கிவந்தேன். அப்படியும் வேப்பிலையை நானே கட்டினேன். கட்டாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குப் பதில் சொல்வது என்று பயம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிருபா வரவில்லையே என்று எஸ்தர் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் ஆராதனை முடிந்த கையோடு வந்தார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"பிள்ளைக்கு மேலுக்கு முடியலயாமே. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிறோம்" என்றார் எஸ்தர் அக்கா.

"அம்ம போட்டிருக்குக்கா. வெளியாளு உள்ள வரக் கூடாது."

"நாங்க வெளியாளா, தங்கச்சி?"

நான் வழி விடவில்லை. அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, சாக்கடை ஓரம் வெயிலில் நின்று கண்ணை மூடி ஜெபித்தார்கள். உள்ளிருந்து கிருபா, "எஸ்தர் பெரியம்மா குரல் கேக்கு, சித்தி. உள்ள வரச் சொல்லுங்க" என்றாள். அப்பா பல்லைக் கடித்தார். "வேப்பில கட்டுன வாசல்ல நின்னு ஜெபம் பண்ணுதாக. ஆத்தாளுக்குக் கோவம் வந்தா யாரு தாங்குறது?"

அன்று சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. பிள்ளை அனத்தினாள், என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து, இருக்கன்குடி இருக்கும் திசையைப் பார்த்து, "ஆத்தா, இறங்கிப் போயிரு. இந்தப் பிள்ள முடிய உனக்குத் தாரேன்" என்று வாய்விட்டு நேர்ந்தேன். என் முடியை நேர்ந்திருக்கலாம். நோய் யாருக்கு வந்ததோ அவர் முடியைத்தான் நேர்வது என்று பழகிப்போன வாய். அந்த நேரத்தில் அக்கா என் நினைவிலேயே இல்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

காய்ச்சல் இறங்கியது. ஆத்தா இறங்கினாள் என்றார் அப்பா. ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையில் சாட்சி சொன்னார்கள். இந்த அம்மை ஒரு வாரத்தில் தானாகவே இறங்கும் என்றார் மருத்துவர். மூன்றாம் தண்ணீர் ஊற்றித் தலை துவட்டும்போது நேர்த்திக்கடனைப் பற்றிக் கிருபாவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. யோசித்தாள்.

"என் முடிய நீங்க எப்பிடிக் குடுப்பீக, சித்தி?"

"உனக்கு நல்லாகணும்னு நேந்தேன்டா."

"எங்கம்மாகிட்டக் கேட்டீகளா?"

எட்டு வயதுப் பிள்ளை. குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே கேட்டாள். நான் துண்டை உதறிக் காயப் போடும் சாக்கில் எழுந்து போனேன். அன்று மாலையே, "மீனாவும் மொட்ட போட்டா நானும் போடுறேன்" என்றாள். மறுநாள் வேண்டாம் என்றாள். அதற்கடுத்த நாள், "போடலன்னா மறுபடி அம்ம வருமாமே, தாத்தா சொன்னாக" என்று அழுதாள்.

அப்பாவிடம் பேசினேன். என் முடியை இறக்குகிறேன் என்றேன். "பிள்ள முடிய நேந்தா பிள்ள முடிதான் தாயி. ஆத்தாகிட்டப் போயி மாத்திக் குடுப்பியா?" என்றார். என் வீட்டுக்காரர், "என் முடிய எடுத்துக்கிடச் சொல்லுங்க மாமா" என்று தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். அப்பாவே சிரித்துவிட்டார். ஆனால் இறங்கிவரவில்லை. "இவ அம்மாளத்தான் விட்டுட்டேன். இவளையும் விடச் சொல்றியா?" என்று கேட்டார். தன் மகளைத் தன் வழியில் வளர்த்த ஒருவரின் ஆற்றாமை அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு மீனா என் சாமியை விட்டுப் போனால் நான் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "கோவம்தான். இல்லன்னு சொன்னா பொய்யி" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். அக்கா கேட்டதையும் நான் நேர்ந்ததையும் சொன்னேன். "உங்கக்கா கேட்ட அன்னைக்கே நீ ஒரு வார்த்த சரின்னு சொல்லியிருந்தா, காய்ச்சல்ல உனக்கு அந்த வார்த்த ஞாபகம் வந்திருக்கும்" என்றார். நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க மட்டும் என்ன, மொட்ட போட்டா அம்மா மேலருந்து அழுவான்னு ஞாயிறு பள்ளியில ஒருத்தி பிள்ளைகிட்டச் சொல்லிட்டா. அதுவும் தப்புதான்" என்றார்.

இந்த ஓராண்டில் எங்களைத் தாங்கியவர்கள் பலர். மதுரைக்கும் ஊருக்கும் அக்காவோடு அலைந்த சபைச் சகோதரிகள், கடைசி நாளில் வேனையும் ஓட்டுநரையும் அனுப்பிவைத்த கம்பெனியார், அக்காவின் இடத்தில் உட்கார்ந்து பாக்கி ஆர்டரை முடித்துக் கொடுத்த கம்பி மத்தாப்புப் பிரிவுப் பெண்கள், அடக்கத்துக்கு வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள், என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட ஆசிரியைகள், அம்மை நாட்களில் உப்பில்லாத கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்த என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாசலில் வெயிலில் நிற்க வைத்த அந்த மூன்று பேரிடமும் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நினைவு நாளன்று காலையில் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம்; மதியம் வீட்டில் சாப்பாடு. அப்பா இரண்டுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

இந்த மலரை வாசிக்கிறவர்களில் ஆத்தாளுக்கு நேர்ந்து செலுத்தியவர்கள் இருக்கிறீர்கள். அக்காவோடு ஒரே பாயில் முழங்கால் போட்டவர்களும் இருக்கிறீர்கள். பிள்ளை வளர்த்தவர்கள் எல்லாருமே. பயத்தில் நேர்ந்த ஒரு நேர்த்திக்கு, நேர்ந்தவளே தன் முடியைக் கொடுத்தால் போதுமா? இறந்துபோன தாய் கேட்டதற்கு இப்போது "சரி" என்று சொன்னால் அது செல்லுமா? அப்பாவின் மனம் உடையாமல் அதை எப்படிச் சொல்வது? உங்களுக்குத் தெரிந்ததை, திட்டுவதாக இருந்தாலும், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கிருபாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அவளிடம் இதுவரை சொன்னதே போதும்.