அனுபவம்: பட்டுப் பிரிவு, பன்னிரண்டு ஆண்டுகள்

சினிமாவில் எனக்கு முதல் வேடம் வாங்கிக் கொடுத்தது ஒற்றைத் தாள். அதைப் பற்றிப் பீற்றிக்கொள்ள எனக்கு முழு உரிமை உண்டு. என் அனுபவம் என்று அதில் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மெத்தையில் உட்கார்ந்து புடவையை விரிப்பது பாதி வேலைதான். வந்தவர்கள் முகம் சுளித்தால் எழுந்து, முந்தியை என் தோளில் போட்டு, கொசுவத்தை இடுப்பில் பிடித்து நின்று காட்ட வேண்டும். மீசையோடுதான். மூன்று பெண் வீட்டார் இதனாலேயே என்னை வேண்டாம் என்றார்கள். "புடவை சுத்திக்கினு நிக்கிற மாப்பிள்ளை நமக்கு இன்னாத்துக்கு?" என்று பெண்ணின் மாமா ஒருவர் என் காதுபடவே கேட்டார். அதன் பிறகு என் அக்கா, கல்யாணத்துக்குக் கொடுக்கும் பயோடேட்டாவில் என் வேலையை 'டெக்ஸ்டைல் எக்ஸிகியூட்டிவ்' என்று மாற்றிவிட்டாள்.

'புதுமுக நடிகர்கள் தேவை, ரெஸ்யூமுடன் வரவும்' என்று வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் வந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து உள்ளே கிடந்த நடிப்பு ஆசை எழுந்து உட்கார்ந்துகொண்டது. நடிகனுக்கு ரெஸ்யூம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்தது அந்தக் கல்யாணத் தாள்தான். அதை எடுத்துக்கொண்டு அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். உயரம், எடை, நிறம், போட்டோ எல்லாம் அப்படியே ஆகும் என்றார் கடைக்கார அண்ணன். தலைப்பை மாற்றினார். 'நடிப்பு அனுபவம்' என்று ஒரு கட்டம் சேர்த்தார். அங்கே வந்து இருவரும் நின்றுவிட்டோம்.

"ரெண்டு குறும்படம்னு அடிச்சி வுடலாம் தம்பி. எவன் வந்து பாக்கப் போறான்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏற்கெனவே ஒரு பொய் அந்தத் தாளில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று வேறா?

"எக்ஸிகியூட்டிவ எடுத்துடுங்கண்ணா. நான் சொல்றத அடிங்க" என்றேன். பட்டுப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள். தினமும் கல்யாணப் பெண்ணாக, மாமியாராக, வேலைக்குப் போகும் பெண்ணாகப் புடவை போட்டுக் காட்டிய அனுபவம். அடித்து முடித்துவிட்டு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தேர்வு கீழ்க்கட்டளையில் ஒரு மாடி வீட்டில் நடந்தது. எதிரே உதவி இயக்குநர், பக்கத்தில் பெயர் பதியும் ஒரு பெண். உதவி இயக்குநர் என் தாளைப் படித்தார், உதட்டைக் கடித்தார், கடைசியில் சிரித்தேவிட்டார்.

"கீழ 'எதிர்பார்ப்பு: குடும்பப் பாங்கான பெண்'னு போட்டிருக்கே சார். எங்ககிட்ட வேஷம் மட்டும்தான் இருக்கு!"

கடைசி வரிகளை நீக்க நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். ராசி, நட்சத்திரம், குலதெய்வம் எல்லாம் பத்திரமாக இருந்தன. வாசலில் வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். மானம் போயிற்று என்று தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. கண் அனுபவக் கட்டத்துக்கு வந்திருந்தது. "இது நிஜமா?"

"நிஜம் சார்."

"இங்க புடவை இல்லையே. சும்மா செஞ்சு காட்ட முடியுமா?"

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெறுங்கையால் பெட்டியைத் திறந்தேன், மடிப்பைப் பிரித்தேன், உதறினேன். பட்டின் கனம் எவ்வளவு என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும். எழுந்து முந்தியைத் தோளில் விட்டேன். கண்ணாடி பார்க்கக் கூசும் கல்யாணப் பெண்ணானேன். பிறகு, விலைச் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இது உனக்கு எடுப்பா இல்லடி" என்று மகளிடம் சொல்லும் அம்மாவானேன். அப்படி ஒரு அம்மாவை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். அறையில் சிரிப்பு அடங்கியிருந்தது. என் வேலையை நினைத்து எனக்கு அவ்வளவு கர்வமாக இருந்தது.

இல்லாத புடவையை மடித்து வைக்கக் குனிந்தேன். பெயர் பதிந்துகொண்டிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டு என் கையை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, இதே பார்டர்ல மயில்கழுத்துக் கலர் இருக்கா?"

இருந்தது. எடுத்துப் பிரித்தேன்.