நாற்பத்திரண்டு நொண்டி

என் தங்கை துஷ்யந்தி தன் நாற்பத்து மூன்றாவது வயதில், பட்டப்பகலில், அம்பிட்டியவில் பதினெட்டு வீட்டுச் சனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றைக் காலில் நொண்டியடித்து ஒரு மேடு ஏறினாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இப்போது அதைச் சொல்லுகிறவர்கள் கூட்டியும் குறைத்தும் சொல்லுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் அப்பா மாநகரசபையில் வேலை செய்தவர். நாங்கள் பிறந்து வளர்ந்தது அம்பிட்டியவில், பிரதான வீதிக்கு மேலே மேட்டில் வரிசையாக இருக்கிற வீடுகளில் ஒன்று. நான் கல்யாணம் முடித்து பிலிமத்தலாவைக்குப் போய்த் தையல் கடை போட்டுக்கொண்டேன். துஷ்யந்தி அதே வீட்டில் மகள் மதுஷாவுடன் இருக்கிறாள். கணவர் ரமேஸ் வெளிநாட்டு வேலையில், கட்டாரில். அவள் பேராதனையில் மாணவர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமைக்கிறாள். அறுபது பேருக்குக் காலைச் சாப்பாடு. முதல் பஸ்ஸைத் தவறவிட்டதே இல்லை.

அவளைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு முறை தவறினாள். மூன்றாம் முறை எழுதியபோது மதுஷா கைக்குழந்தை. அந்தப் பாடம் அவளுக்கு எந்த வேலைக்கும் தேவைப்படவில்லை. "எதுக்கும்மா இப்ப?" என்று கேட்டேன். "பாதியில நிக்கிது அண்ணே. எனக்குத் தூக்கம் வருதில்ல" என்றாள். சித்தியடைந்தாள். பெறுபேற்றுத் தாளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

எங்கள் வீடுகளுக்குக் கீழே, வீதி ஓரத்தில், ஒரு பீலி இருந்தது. மேட்டில் எங்கோ ஊறுகிற தண்ணீர், மண்ணுக்குள் புதைத்த பழைய சுட்டமண் குழாய் வழியாக வந்து, ஒரு மூங்கில் வழியாக விழும். எவ்வளவு வெயில் எரித்தாலும் அந்தத் தண்ணீர் பல்லைக் கிட்டிக்க வைக்கும். சித்திரை விடுமுறையிலும் பெரஹரா ஊர்வலம் நடக்கும் மாதத்து நீண்ட விடுமுறையிலும் நாங்கள் வாழ்ந்தது அங்கேதான். கமுகம் பாளையில் உட்கார்ந்து புல்மேட்டில் சறுக்கி வருவோம். உடம்பெல்லாம் புழுதியும் கீறலுமாகப் பீலிக்குக் கீழே போய் நிற்போம். ஜம்புப் பழம் பறித்துச் சட்டையில் கட்டிக்கொண்டு வந்து, தண்ணீருக்குள் நின்றபடியே தின்போம். உதடு நீலம் பூத்தால்தான் குளித்த கணக்கு.

துஷ்யந்திக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பதின்மூன்று. அந்த வருடம் நாங்கள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தோம். மேட்டில், பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவின் வேலியை ஒட்டி, இரண்டு கற்களுக்கு நடுவில் ஊற்றின் கண் இருந்தது. செங்கல்லைக் கல்லில் உரைத்துத் தூளாக்கி அந்தக் கண்ணில் போட்டால், கொஞ்ச நேரத்தில் கீழே பீலியில் சிவப்பாகத் தண்ணீர் வரும். எங்களுக்கு அது பெரிய மந்திரவித்தை. ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போவதற்காக வெள்ளைச் சேலையில் வந்து பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்த வீரம்மா அக்காவின் மேல் அந்த மந்திரம் விழுந்தது. அப்பாவின் இடுப்பு வார் அன்றைக்கு வேலை செய்தது. எனக்கு ஆறு, அவளுக்கு இரண்டு.

போன நவம்பர் கடைசியில் பெய்த மழையில் அந்த மேடு இறங்கியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேலி, ஜம்பு மரம், ஊற்றுக்கண் எல்லாம் மண்ணுக்குள் போயின. பீலி நின்றுவிட்டது. வீடுகளுக்குப் பைப் தண்ணீர் இருப்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மார்ச் மாதம் வீதி ஓரத்தில் கொங்கிறீட் சுவர் கட்ட ஆட்கள் வந்தார்கள். சுவர் பீலி இருந்த இடத்தை மூடிக்கொண்டு போகும். துஷ்யந்தி வேலையை மேற்பார்க்கிற ஓவசியரிடம் போனாள். பாரூக் என்று பெயர், ஐம்பது வயது மதிக்கலாம். அண்ணன் என்கிற முறையில் எல்லோரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். நோன்பு காலம், தேத்தண்ணி கொடுத்துப் பேச வழியில்லை. நின்றபடியே கேட்டாள்.

"நானா, இந்த இடத்துல பீலி இருந்துச்சு. ஒரு ஓட்டை விட்டுக் கட்டுங்களேன்."

"தண்ணி எங்க தங்கச்சி?"

"மண்ணுக்குள்ள இருக்கு."

அவர் சிரித்தார். "மண்ணுக்குள்ள ஈக்கிறதெ நான் எப்பிடிப் பிளான்ல காட்டுற? தண்ணி ஈக்குதுண்டா கட்டாயம் வழி விடோணும், இல்லாட்டி செவுரு நிக்காது. கண்ணால காட்டுங்கோ. பெருநாள் முடிஞ்ச திங்கக்கெழம, இருபத்திமூணு, இந்த எடத்துல கொங்கிறீட் விழும். அதுக்குப் பொறகு நானே நெனச்சாலும் ஏலாது."

அன்று ஆறாம் திகதி. அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, நாளைக்கு மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டுக்கிட்டு வாங்க."

"பீலி எதுக்கு இப்ப? யாரு குளிக்கப் போறாங்க?"

"மதுஷா போன லீவு முழுக்க டியூசனும் போனுமா இருந்தா. அவளுக்குப் பத்து வயசு. ஒரு நாளு குளிர்ல பல்லு கிட்டிக்காம வளந்துட்டா, பெறகு அதை எந்த வகுப்புல போய் படிக்கிறது? வாங்க."

குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே தோண்டிப் போகலாம் என்றால் முடியாது. அது வீரம்மா அக்காவின் புதிய சமையலறைக்குக் கீழே போகிறது. ஆகவே மேலே ஊற்றுக்கண்ணை நேராகக் கண்டுபிடிக்க வேண்டும். அடையாளம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் எனக்கு ஒரு எண் நினைவிருந்தது. பீலியிலிருந்து வேலிப் பாதை வழியாக நாற்பத்திரண்டு. சின்ன வயதில் ஆயிரம் தடவை எண்ணியது. துஷ்யந்தியைக் கேட்டேன். அவளும் அதே நொடியில், "நாற்பத்திரண்டு" என்றாள்.

நான் அளவில் பிழை விடுகிறவன் அல்ல. பீலியிலிருந்து நாற்பத்திரண்டு எட்டு வைத்து நடந்தேன். சின்னப் பிள்ளையின் எட்டு சிறியது என்பதற்காக முழங்காலை மடக்கிச் சிறிய எட்டாகவே வைத்தேன். நாடாவால் அளந்தால் எண்பத்தொரு அடி. அங்கே குச்சி நட்டோம்.

ஏழாம் திகதியும் எட்டாம் திகதியும் தோண்டினோம். இடுப்பளவுக்குக் குழி போனது. ஈரம்கூட இல்லை. பதினான்காம், பதினைந்தாம் திகதிகளில் அதைச் சுற்றி இன்னும் மூன்று குழிகள். இடையில் வேலை நாட்களிலும் அவள் பேராதனையிலிருந்து மூன்று மணிக்கு வந்து, முகம் கழுவாமல் மண்வெட்டியை எடுத்தாள். நைட்டிக்கு மேல் ரமேஸின் பழைய சட்டை. உள்ளங்கையில் கொப்புளம் வெடித்து, துணி சுற்றிக்கொண்டு வெட்டினாள்.

வீரம்மா அக்காவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. ஒரு கதிரையைக் கொண்டுவந்து, மண் இறங்கிய பிறகு போட்ட புதுக் கம்பி வேலியோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடியே, நாலு குழி ஆச்சு. வாழக்கன்னு வச்சிருந்தாலாவது காய்க்கும்."

"அஞ்சாவதுல தண்ணி வரும்க்கா."

"ஆமா, உங்க அண்ணன் காச்சட்டைக்கு அளவு எடுக்கிற மாதிரி எடுத்தா வரும். ஏன்டா கிருஷ்ணராஜ், மலைக்கு இடுப்பு எத்தனை இஞ்சி?"

பதினைந்தாம் திகதி மாலையில் நான் மனம் விட்டுவிட்டேன். "விடும்மா, கண்ணு அடைஞ்சி தண்ணி வேற பக்கம் போயிருக்கும்" என்றேன். அவள் மண்வெட்டியைச் சாத்தினாள். வாளித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியவள் அப்படியே நின்று, தன் இடது முழங்காலைப் பார்த்தாள்.

"அண்ணே, எனக்கு இடது முட்டியில மட்டும் ஏன் இத்தனை தழும்பு?"

"விழுந்திருப்ப."

"நடந்து விழுந்தா ரெண்டு முட்டியிலயும்தானே இருக்கணும்?"

எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. "நாம நடக்கலண்ணே! நொண்டி! காலை ஊனாம யாரு மேல வரைக்கும் நொண்டியடிச்சிப் போறாங்களோ அவங்கதான் செங்கத்தூள் போடணும். நீங்க முப்பதுல காலை ஊனிருவீங்க. நான் மட்டுந்தான் நாற்பத்திரண்டும் போவேன். அது நடை இல்ல, நொண்டி!"

உண்மை. நான் எண்ணை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். எதை எண்ணினோம் என்பதை முப்பத்தாறு வருடத்தில் தொலைத்துவிட்டேன். மேட்டில் ஏறும் நொண்டி ஒரு அடியைத் தாண்டாது. அப்படியென்றால் நாங்கள் நாற்பது அடி மேலே போய்த் தோண்டிக்கொண்டிருந்தோம்.

அப்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த வாரம் விடுதியில் ஆள் குறைவு, அவளால் முன்னேரத்தோடு வர முடியவில்லை. இருபத்தோராம் திகதி சனிக்கிழமை காலையில் நான் நாடாவை எடுத்தேன். "நாற்பத்திரண்டு அடி அளந்து வெட்டுவோம்."

"உங்க நாடா வேணாம். நான் போறேன்."

"இந்த வயசுலயா? முட்டி போயிரும்."

"போகட்டும். அளந்து நாலு குழி வெட்டியாச்சு."

நைட்டியைத் தூக்கிச் செருகினாள். வலது காலில் நின்று, இடது காலைப் பின்னால் மடக்கிப் பிடித்தாள். பதினெட்டு வீட்டு வாசலிலும் ஆட்கள். யாரோ விசில் அடித்தார்கள். மதுஷா, "அம்மா, ப்ளீஸ், வேணாம்" என்று வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள். துஷ்யந்தி யாரையும் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு என்று நான் உரக்க எண்ணினேன். பதினெட்டில் மூச்சு வாங்கியது. முப்பத்தொன்றில் சரிந்து, வேலிக் கம்பியைப் பிடித்து நிமிர்ந்தாள். கால் ஊனவில்லை. நாற்பதில் வீரம்மா அக்கா கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

நாற்பத்திரண்டில் அவள் இடது காலைக் கீழே வைத்தாள். "இங்க வெட்டுங்க."

நாடாவை வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது அடி, நாலு அங்குலம். ஏழு வயதுப் பிள்ளையின் நொண்டியும், முட்டி வலிக்கிற நாற்பத்துமூன்று வயதுக்காரியின் நொண்டியும் ஏறக்குறைய ஒரே நீளம். நான் நாற்பத்திரண்டு அடியில் வெட்டியிருந்தால் அலவாங்கு பாறையில்தான் இறங்கியிருக்கும் என்பது பிறகு தோண்டும்போது தெரிந்தது.

மூன்றரை அடி ஆழத்தில் அலவாங்கின் இரும்பு முனை கல்லில் பட்டது. பக்கத்தில் இன்னொரு கல். நடுவில் இருந்த சேற்றைக் கையால் அள்ளினாள். விரல்களை வெளியே எடுத்து என் கன்னத்தில் வைத்தாள். அந்தக் குளிரை எனக்குத் தெரியும்.

ஞாயிறு முழுவதும் குழாய் வாயைச் சுத்தப்படுத்தி, வாளி வாளியாக ஊற்றி, உள்ளே அடைத்திருந்த மண்ணைத் தள்ளினோம். பின்னேரம் கீழே கலங்கலாக ஒரு நூல் வந்தது. அதே நேரம் மழையும் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை அவள் விடுதிக்கு லீவு சொன்னாள். ஏழு மணிக்கு பாரூக் வந்தார். கலவை இயந்திரம் வந்துவிட்டது. அவர் குனிந்து அந்த நூல் தண்ணீரைப் பார்த்தார்.

"தங்கச்சி, பெருநாளும் அதுவுமா பாவம் கஷ்டப்பட்டீக்கிறீங்க. ஆனா நேத்து மழ. மழத்தண்ணி எங்கெயும் ஒழுகும். இது ஊத்துத்தண்ணி எண்டு நான் எப்பிடி எழுதுற?"

"பத்து நிமிசம் நில்லுங்க நானா."

அவள் மேலே ஓடவில்லை, நொண்டியும் அடிக்கவில்லை. சாதாரணமாக நடந்து போனாள். அவள் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. காலையிலேயே செங்கல்லை உரைத்து வைத்திருக்கிறாள். நான் கீழே பாரூக்கோடு நின்றேன். வீரம்மா அக்கா படியிறங்கி வந்து, பீலிக்குக் கீழே ஒரு வெள்ளைப் பேசினை வைத்தார். மேலேயிருந்து, "போட்டாச்சு!" என்று குரல் வந்தது.

நான் எண்ணினேன். எண்பத்தாறில் பேசினில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. நூறுக்குள் பேசின் முழுவதும் சிவப்பு.

"அதேதான்!" என்று வீரம்மா அக்கா கத்தினார். "அதே செகப்பு! ஏம்பா தம்பி, நான் சாட்சி. என் கோயில் சீலையில விழுந்தது இதுதான். இன்னும் பொட்டியில இருக்கு, எடுத்துக் காட்டவா?"

பாரூக் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நீலச் சோக்கை எடுத்தார். "சீல வேணாம் உம்மா. நம்புறன்." வேலையாட்களைப் பார்த்து, "நாலு இஞ்சிக் குழாய் ஒண்டு கொண்டுவாங்கோ" என்றார். "எத்தன அடி ஒசரத்துல வெக்கிற?"

"ரெண்டடில வைக்கச் சொல்லு" என்றார் வீரம்மா அக்கா. "குடம் வைக்க லேசா இருக்கும்."

மேலேயிருந்து இறங்கி வந்த துஷ்யந்தி, "குடத்துக்கு வீட்டுல பைப் இருக்குக்கா. இது புள்ளைங்க நிக்க" என்றாள். என்னைப் பார்த்தாள். "அண்ணே, அளவு சொல்லுங்க."

இருபத்தாறு வருடமாகப் பாடசாலைச் சீருடை தைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையின் உயரம் எனக்கு மனப்பாடம். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் வேண்டும், தண்ணீர் உச்சியில் அடித்து விழ வேண்டும். "அஞ்சடி" என்றேன். நாடாவை நானே பிடித்தேன். பாரூக் சோக்கால் வட்டம் போட்டார்.

சித்திரை விடுமுறை விட்ட முதல் நாள் நான் கடையை அரை நாளோடு பூட்டிவிட்டுப் போனேன். சுவருக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எண்ணினேன், பதினொரு பேர். முதலில் நின்ற மதுஷா குழாய்க்குக் கீழே போன வேகத்தில் கத்திக்கொண்டு வெளியே வந்து, மறுபடி உள்ளே ஓடினாள். உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது.

துஷ்யந்தி வேலையிலிருந்து வந்து, தோளில் துவாய் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். ஒரு பையன் "மாமி, நீங்க முன்னுக்குப் போங்க" என்று வழி விட்டான்.

"வேணாம். என் முறை வரட்டும்" என்றாள். அவள் பன்னிரண்டாவது.