ஒரே சிலிண்டரில் இரண்டு பேர்

என் மனைவி நாற்பத்தேழு வயதில் தண்ணீருக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொண்டாள். அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான்தான் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

செகந்திராபாத் பக்கம் சனத்நகரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. காஸ் சிலிண்டர்களைச் சோதிக்கும் இடம். தீயணைப்பு சிலிண்டர், ஆஸ்பத்திரி ஆக்சிஜன், காரில் பொருத்துவது என்று எல்லாம் சில வருடங்களுக்கு ஒருமுறை எங்களிடம் வந்தாக வேண்டும். உள்ளே தண்ணீர் நிரப்பி, வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்து, உலோகம் எவ்வளவு விரிகிறது, அழுத்தத்தை எடுத்ததும் பழையபடி சுருங்குகிறதா என்று பார்ப்போம். தேறினால் சிலிண்டரின் தோளில் முத்திரை குத்துவோம். தேறாததை அறுத்துப் போட்டுவிடுவோம்.

கொண்டாப்பூரில் இருக்கும் ஒரு டைவிங் கிளப்பின் சிலிண்டர்களும் எங்களிடம் வர ஆரம்பித்தன. கடலே இல்லாத ஊரில் கடலுக்குள் இறங்கப் பழகுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆழமான நீச்சல் குளத்தில் பயிற்சி, வருடத்தில் ஒன்றிரண்டு தடவை பாண்டிச்சேரிக்கோ அந்தமானுக்கோ பயணம். அவர்களுடைய மஞ்சள் டாங்குகள் என் பட்டறையின் துருப்பிடித்த கூட்டத்துக்கு நடுவில் பளிச்சென்று நிற்கும்.

ஒரு சனிக்கிழமை என் மனைவி பள்ளிக்கூடம் முடிந்து நேராகப் பட்டறைக்கு வந்திருந்தாள். அவள் ஏ.எஸ்.ராவ் நகரில் கணக்கு டீச்சர். இருவரும் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போவதாக இருந்தது. நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"இந்த மஞ்சள் கலர்ல இருக்கறது எல்லாம் ஆக்சிஜனா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. வெறும் காத்து. இப்ப நீ இழுக்கறியே, அதே காத்து. ஈரத்தை எடுத்துட்டு, வடிகட்டி, அமுக்கி அடைச்சிருக்கும். அவ்வளவுதான்."

"அப்படின்னா என்னாலயும் இதுல மூச்சு விட முடியுமா?"

டாங்குகளை எடுக்க வந்திருந்த கிளப் பயிற்சியாளர் அதைக் கேட்டுச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் மேடம், ஒரு தடவை இறங்கிப் பாருங்கள் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "போயேன், யார் வேண்டாம்னா?" என்று சொன்னேன். என் வாய்தான் அதைச் சொன்னது.

என்னால் இறங்க முடியாது. சின்ன வயதில் காதில் சீழ் வைத்து வலது செவிப்பறையில் ஓட்டை. தலைக்குக் குளிக்கும்போதே பஞ்சு வைத்துக்கொள்கிறவன் நான். ஆழத்தில் காதுக்குள் அழுத்தம் ஏறும், அதைச் சமாளிக்க நல்ல காது வேண்டும். அதனால் அந்த ஞாயிறு குளத்தங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய செருப்பையும் கைப்பையையும் பார்த்துக்கொண்டேன்.

வெகு நேரம் கழித்து அவள் மேலே வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. நானும் சிரித்துக்கொண்டு கையை உயர்த்தினேன். ஆனால் அவள் சிரித்தது என்னைப் பார்த்து அல்ல. பக்கத்தில் மேலே வந்த இன்னொரு தலையைப் பார்த்து.

அவள் ஞாயிறுதோறும் போக ஆரம்பித்த பிறகு, அந்தத் தலைக்குச் சொந்தக்காரரே அவளுடைய ஜோடி ஆனார். டைவிங்கில் யாரும் தனியாக இறங்கக் கூடாது. ஒருவருக்கு ஒருவர் துணை. இங்கிலீஷில் அதற்கு வேறு சொல் இருக்கிறது, ஆனால் கிளப்பில் ஹிந்திக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் 'ஜோடி' என்றே சொன்னார்கள். "உங்க மிஸஸோட ஜோடி எங்கே?" என்று யாராவது என்னிடமே வந்து கேட்பார்கள். நான் குளத்தைக் காட்டுவேன்.

அவர் செகந்திராபாத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பம். கல்யாண மண்டபங்களுக்கு விளக்கு அலங்காரம் செய்கிற தொழில். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் வயதுதான் இருக்கும், தொப்பை மட்டும் இல்லை. "ஹவ் சார், மேடம் மீன் மாதிரி போறாங்க. நீங்க கைக்கு டென்ஷன் ஆகறீங்க?" என்பார். அந்த ஊர் ஹிந்தியில் 'ஹவ்' என்றால் ஆமாம், 'கைக்கு' என்றால் எதற்கு. அவரை வெறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதுவே பெரிய கஷ்டமாக இருந்தது.

தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் கை ஜாடைதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்தால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. கட்டைவிரலை உயர்த்தினால் பிரமாதம் என்று நாம் நினைப்போம். அங்கே மேலே போகலாம் என்று அர்த்தம். இதையெல்லாம் அவள் வீட்டில் சொல்லிக் கொடுத்தாள், நானும் கற்றுக்கொண்டேன். ஆனால் அவர்களுக்குள் வேறு ஜாடைகள் இருந்தன. கிளப்காரர்கள் எல்லோருமாக ஒருமுறை பிரியாணி சாப்பிடப் போனோம். மேஜையின் அந்தக் கோடியிலிருந்து அவர் இரண்டு விரலை மடக்கிக் காட்டினார். இவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் புரையேறச் சிரித்தாள்.

"என்ன அது?" என்றேன்.

"ஒண்ணுமில்லங்க. கீழ ஒருத்தர் கால்ல மாட்டற துடுப்பு கழண்டு போச்சு, அது அவரோட... சொன்னா சிரிப்பு வராது."

சொன்னால் சிரிப்பு வராதுதான். எனக்கு வரவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே இருப்பவர்கள். சாப்பிடும்போது, பஸ்ஸில், விளக்கை அணைத்த பிறகும்கூடப் பேச்சு ஓயாது. அந்தப் பேச்சுதான் எங்களுடைய சொத்து என்று நான் நினைத்திருந்தேன். ஒரு மனிதர் ஒரு சொல்கூடப் பேசாமல் அவளிடம் அவ்வளவு நெருங்கிவிட முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது.

காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. குளத்துக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் டாங்குகளுக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர். அன்று கொஞ்சம் டாங்குகளை அப்போதுதான் நிரப்பினார்கள். மீதி முந்தின நாளே நிரப்பி வைத்தவை. என் மனைவியும் அவள் ஜோடியும் இறங்கினார்கள். நான் வழக்கமான நாற்காலியில் இருந்தேன்.

சிறிது நேரத்தில் இருவரும் மேலே வந்தார்கள். வழக்கத்துக்கு மிக முன்னதாகவே. அவருடைய கை அவள் தோள்பட்டையைப் பிடித்திருந்தது. அவள் வாயில் இருந்தது அவள் டாங்கின் குழாய் இல்லை. ஒவ்வொருவர் டாங்கிலும் ஆபத்துக்கென்று இரண்டாவது குழாய் ஒன்று உண்டு. அவருடைய இரண்டாவது குழாய் அவள் வாயில் இருந்தது. ஒரே சிலிண்டரிலிருந்து இருவரும் மூச்சுவிட்டுக்கொண்டு வந்தார்கள். முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை என்பதை எழுதத்தான் வேண்டும்.

கரையேற்றியதும் அவள் வாந்தி எடுத்தாள். "தலை வெடிக்குதுங்க" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"ரெண்டு வாட்டி கேட்டேன் சார், ஓகேவான்னு" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "முதல் வாட்டி லேட்டா பதில் கொடுத்தாங்க. ரெண்டாவது வாட்டி தப்பா கொடுத்தாங்க. மேடம் தப்பா காட்டவே மாட்டாங்க. காத்துதான் சரியில்லன்னு தோணுச்சு, எங்கிட்ட இருந்தது நேத்து அடைச்ச டாங்கு. அதைக் கொடுத்துட்டேன்."

நான் அவளுடைய டாங்கின் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து மூக்கை வைத்தேன். லேசான டீசல் புகை வாடை. ஷெட்டுக்கு ஓடிப் பார்த்தேன். கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய், ஜெனரேட்டர் இருந்த பக்கம் பார்த்தபடி இருந்தது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. கூட வந்த டீசல் நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. வெளியில் நின்று இழுத்தால் பெரிதாகத் தெரியாத விஷம், தண்ணீருக்கடியில் அழுத்தத்தோடு உள்ளே போகும்போது இன்னும் வீரியமாகிவிடும். அந்தக் குழாயை அங்கே வைத்தது அவர்தான் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று எனக்கு இருந்தது. கேட்டுப் பார்த்தேன். கிளப் ஆள் ஒருவர் மழைக்காக மாற்றி வைத்தாராம். இவர் அந்த ஷெட் பக்கமே வந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு முகமூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்தார்கள். இம்முறை நிஜமான ஆக்சிஜன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற சிலிண்டரின் தோளில் சோதனைத் தேதி இருக்கிறதா என்று பழக்க தோஷத்தில் குனிந்து பார்த்தேன். சாயங்காலத்துக்குள் அவள் தெளிந்துவிட்டாள். அவர் வராந்தாவில் ஈர டிராயரோடு உட்கார்ந்திருந்தார். கான்டீனிலிருந்து அவருக்கு டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"தாங்க்ஸ்" என்றேன்.

"அதெல்லாம் நக்கோ சார், வேண்டாம். அவங்களா இருந்தா எனக்கும் அதான் செஞ்சிருப்பாங்க."

அதுதான் பிரச்சினையே. நன்றி சொன்ன பிறகு பொறாமை குறையும் என்று எதிர்பார்த்தேன். அது இரட்டிப்பானது. அவள் தப்பாகப் பதில் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் விரல்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்திருப்பேனா? வீட்டில் அவள் தலைவலி என்று வாய்விட்டுச் சொன்னால்கூடப் பேப்பரிலிருந்து நிமிராமல் மாத்திரை போடு என்கிறவன் நான்.

அவள் டைவிங்கை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடச்சொல்லியும் பார்த்தேன்.

"காத்து கெட்டதுக்கு நான் ஏன் நிறுத்தணும்? காத்தை சரி பண்ணுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே?"

அவள் சொன்னபடியே செய்தேன். குழாயை உயரமான கம்பத்தில் ஏற்றி வேறு பக்கம் திருப்பினேன். வடிகட்டி மாற்றினேன். கார்பன் மோனாக்சைடைக் காட்டும் கருவி ஒன்றைப் பொருத்தினேன். ஆக்சிஜன் கொஞ்சம் கூட்டிச் சேர்த்த நைட்ராக்ஸ் என்ற கலவையையும் பிறகு அங்கே அடைக்க ஆரம்பித்தார்கள். அதில் விதி கண்டிப்பானது. அந்த டாங்கில் மூச்சுவிடப் போகிறவர் தன் கையாலேயே மீட்டரை வைத்துச் சோதிக்க வேண்டும், இன்னொருவர் சொல்லை நம்பி இறங்கக் கூடாது. அந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவரையும் நம்பக் கூடாது அல்லவா.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் நேராகவே கேட்டாள். "உங்களுக்கு அவர் மேல பொறாமையா?"

"ஆமா" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவள் சப்பாத்தியைப் பிய்த்தபடி யோசித்தாள். "கீழ போனா பயமா இருக்கும். அவரு இருக்காரா, நான் இருக்கேனா, மீட்டர்ல காத்து இருக்கா. இதைத் தவிர ஒண்ணுமே மண்டைல ஓடாது. நீங்க நினைக்கற மாதிரி அங்க ஒண்ணும் இல்ல."

நான் நினைத்தது அதைத்தான். அவர் இருக்கிறாரா, நான் இருக்கிறேனா. ஆனால் அதை அவளிடம் விளக்கத் தெரியவில்லை. குருமாவைத் தள்ளு என்றேன்.

குளிர்காலத்தில் அவர்கள் பாண்டிச்சேரிக் கடலில் இறங்கிவிட்டு வந்தார்கள். திரும்பி வந்த அன்று ஸ்டேஷனிலிருந்து அவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அடையும் அவியலும் சாப்பிட்டுக்கொண்டே இருவரும் கதை சொன்னார்கள். இவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள், அவர் முடிப்பார். திருக்கை மீன் ஒன்று மணலை உதறிக்கொண்டு எழுந்ததாம். நான் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்தபடி தோசைத் திருப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவரை வழியனுப்ப லிப்ட் வரை போனேன்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார். "போட்ல ஏறின உடனே மேடம் முதல்ல போனைத்தான் எடுப்பாங்க. தலை துவட்டக்கூட மாட்டாங்க. உங்களுக்கு, மேல வந்துட்டேன்னு சொல்ல. நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவேன். எனக்கு யாருக்கு சொல்றது? அந்த அஞ்சு நிமிஷம் உங்க மேல அவ்வளவு காண்டா இருக்கும்."

லிப்ட் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் வீட்டுக்குத் திரும்பும்போது என் நடை மாறியிருந்தது. ஒரு மனிதருடைய தனிமையைக் கேட்டு வருத்தப்பட வேண்டிய இடத்தில், அவருக்கு என்மேல் பொறாமை என்பது மட்டும் வெல்லக்கட்டி மாதிரி வாயில் கரைந்துகொண்டிருந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அந்த இனிப்பு ஒரு வாரம் தாங்கியது. அடுத்த ஞாயிறு டாங்குகளின் காற்றைச் சோதித்துக் கொடுத்தேன். அவளும் தன் கையால் சோதித்துக்கொண்டாள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து விரலை வட்டமாக்கிக் காட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போனார்கள். குமிழிகள் இரண்டு இடத்தில் கிளம்பி, மேலே வருவதற்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன. எது அவளுடையது என்று கடைசி வரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.