புரட்டிப்போட்ட மீன்

எங்கள் வீட்டில் ஹோட்டல் என்றால், வளைகுடாவில் நாங்கள் குடியிருந்த மங்காஃபின் முக்குக்கடைப் பரோட்டாதான். அதனால் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா டியூட்டி முடிந்து வந்து, "கிளம்புங்க, கப்பல் ஹோட்டலுக்குப் போறோம்" என்றபோது, அவருக்குச் சம்பளம் கூடிவிட்டது என்றே நினைத்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

அம்மாவுக்குக் கிளம்ப மனமில்லை. அவருடைய தம்பி, என் மாமா, பக்கத்து ஃபஹாஹீல் துறைமுகத்திலிருந்து லாஞ்சில் மீன்பிடிக்கப் போயிருந்தார். கரைக்கு வந்ததும் முதல் போன் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். வரவேண்டிய நாள் தாண்டிவிட்டது. வெளியே புழுதிக் காற்று. அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"காத்து நின்னதும் வந்துருவான். நீ வா" என்றார் அப்பா.

கப்பல் நகரும் என்று நம்பிப் போனேன். அது கரையோரம் கட்டிப்போட்ட பெரிய மரப்படகு. மேலே சிவப்பு விளக்குகள், உள்ளே காண்டனீஸ் என்கிற சீனச் சமையல். தொட்டியிலிருந்த ஹமூர் மீனை வலையோடு தூக்கிவந்து காட்டி, எங்கள் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் சமைக்கப் போனார்கள். மீனிடம் யாரும் கேட்கவில்லை.

தலையும் வாலுமாக முழு மீன் இஞ்சியோடு அவிந்து வந்தது. புளியும் மிளகாயும் இல்லாத மீன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு. "நல்லா சாப்பிடு" என்று அப்பா அம்மாவின் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மேல்பக்கம் தீர்ந்ததும் இரண்டு கரண்டிகளால் மீனைப் புரட்டினார்.

பரிமாறிக்கொண்டிருந்த வயதான சீன அம்மா "நோ, நோ!" என்று ஓடிவந்து ஆங்கிலத்தில் ஏதோ படபடத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

"என்னவாம்?"

"மீன் ஆறிப்போவுமாம்" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. என் தமிழைக் கேலி செய்கிறவர் அப்பாதான். அவரைத் திருத்த வாய்ப்புக் கிடைத்தால் விடுவேனா? "இல்லம்மா, மீனத் திருப்பினா கடல்ல போட் கவிழ்ந்துருமாம். அவங்க ஊர் மீன்காரங்க அப்படிச் சொல்வாங்களாம்."

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். வீட்டில் அம்மா தினமும் மீனைப் புரட்டிப் புரட்டித்தான் பொரிப்பார். சகுனத்துக்குப் பயப்படுகிற ஆளும் இல்லை. இப்போதும் அவர் மீனைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்தார்.

"இதுக்கு எதுக்குப் பொய் சொல்லணும்? தம்பிக்கு என்ன ஆச்சு?"

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "மத்தியானம் ஹார்பர்ல இருந்து போன் வந்துது. கவுந்துபோன லாஞ்ச் கெடச்சிருக்கு. அவன்…"

அவ்வளவு நேரமும் கையிலிருந்த போனை அம்மா மேசையில் வைத்தார். சீன அம்மா சத்தமில்லாமல் மீனைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு நகர்ந்தார்.

விஷயம் தெரிந்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது, அம்மா பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார் என்று அப்பாவுக்குத் தெரியும். அதற்கு முன் ஒருவேளையாவது அவர் வயிறு நிறையட்டும் என்று கூட்டிவந்திருக்கிறார். அந்தக் கலக்கத்தில் அப்பாவுக்கு ஞாபகம் வந்த பெரிய ஹோட்டல் கடலில் மிதந்தது, பாவம்.

இதெல்லாம் பல வருஷம் கழித்து எனக்கு விளங்கியது. அன்று, அடிப்பக்கம் முழுசாக இருக்கும்போதே எல்லோரும் எழுந்துவிட்டார்களே என்றுதான் கவலைப்பட்டேன். அந்தச் சீன அம்மாவைக் கூப்பிட்டு, மீதியைப் பார்சல் கட்டித் தரமுடியுமா என்று நல்ல ஆங்கிலத்தில் நானே கேட்டேன்.