சனிக்கிழமை வாங்கிய மூடி

பிரதீபாவின் மாமனார் சுப்பையன் திருநள்ளாற்றுக்காரர். சனிக்கிழமையில் இரும்பும் வாங்கமாட்டார், எண்ணெயும் வாங்கமாட்டார். அந்த ஊரில் பலபேர் அப்படித்தான் என்றாலும் இவர் ஒரு படி மேலே. ஒரு சனிக்கிழமை வயலில் குதிகாலில் ஆணி ஏறியபோது, பிடுங்கிக் கையில் எடுத்தால் இரும்பு வாங்கினதாகிவிடும் என்று ஞாயிறு விடியும்வரை ஆணியோடேயே நடந்தார். பிடுங்கிய குழியில் மிளகாய் விதை விழுந்து முளைத்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. முளைத்ததற்குச் சாட்சி இல்லை. குழி இன்னும் இருக்கிறது.

அந்த வீட்டு மருமகள் பிரதீபா முதலில் ஒரு லாட்ஜில் யாத்திரீகர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் கேன் வண்டி ஓட்டினாள். ஓட்டுநர் இருக்கை பிடித்துப்போய், பட்டினச்சேரி மீன் வியாபாரி ஒருவரிடமிருந்து பழைய பிக்கப் ஒன்றை வாங்கிக்கொண்டாள். கழுவிக் கழுவி, சாம்பிராணியும் போட்டுப் பார்த்தாயிற்று. மழை பெய்தால் அந்த வண்டி இன்றைக்கும் கெளுத்தி நாற்றம் அடிக்கும். புருஷன் அன்பழகனும் அவளுமாகப் பட்டினச்சேரிக்கு மேற்கே ஓர் இறால் குட்டையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். முதல் தடவை விட்ட இறாலை வெள்ளைப்புள்ளி நோய் வாரிக்கொண்டு போயிற்று. இன்னும் ஒரே ஒரு தடவை குஞ்சு விட்டுப் பார்ப்பது, அதுவும் போனால் குட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் மறுபடி சாவி எடுத்துக் கொடுக்கப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

குஞ்சு எடுத்துவர மரக்காணம் பக்கம் புறப்பட வேண்டிய வெள்ளிக்கிழமை மதியம், மெக்கானிக் காஜா நஜ்முதீன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பின்சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி ஓர் உருண்டை இருக்கும். சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள் அதற்குள்தான் எண்ணெயில் முழுகிக் கிடக்கும். அந்த உருண்டையின் பின்மூடி கசிந்துகொண்டிருந்தது.

"மீன் ஐஸ் தண்ணியக் குடிச்சுக் குடிச்சே மூடி இத்துப்போச்சு தங்கச்சி. விரலால குத்தினா உள்ள போயிடும்."

"போயிட்டு வந்துடலாமா பாய்?"

"போயிடலாம். வர்றதுதான் சந்தேகம். தொழுகை முடிஞ்சு ஸ்பேர் பார்ட்ஸ் கடையத் தொறக்கட்டும், புதுசு போட்டுடறேன்."

அதற்குள் குஞ்சுப் பண்ணையிலிருந்து போன் மேல் போன். "நேரமில்ல பாய். வந்து மாத்திக்கலாம்."

"நாளைக்கா?"

"நாளைக்குச் சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

காஜா தலையில் அடித்துக்கொண்டு, கசிந்த இடத்தில் துணி சோப்பைப் பிசைந்து அப்பினார். "இது கரையறதுக்குள்ள ஊர் வந்து சேரு."

திரும்பி வரும்போது கடலூரில் விடிந்தது. லாரிகளுக்காக விடியலிலேயே திறக்கும் பெரிய உதிரிபாகக் கடை ஒன்று அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியது. பிரதீபா பிரேக்கில் கால் வைத்தாள். அது சனிக்கிழமை என்பது ஞாபகம் வர, காலை எடுத்துவிட்டாள்.

கோட்டுச்சேரிக்கு வரும்போது பின்னாலிருந்து வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அது ஆட்டுரலுக்குள் கல்லைப் போட்டு அரைக்கிற சத்தமானது. கண்ணாடியில் பார்த்தாள். தார் ரோட்டில் அவள் வந்த வழியெல்லாம் கறுப்பாக ஒரு கோடு. தூங்குமூஞ்சி மரமாகப் பார்த்து ஓரங்கட்டினாள். நிழல் வண்டியில் பாதிக்குத்தான் எட்டியது.

பின்னால் தெர்மாகோல் பெட்டிகளுக்குள், காற்று அடைத்த பைகளில் குஞ்சுகள். ஒரு பெட்டியைத் திறந்தாள். வைத்த ஐஸ் தண்ணீராகியிருந்தது. பையைத் தூக்கிப் பார்த்தால், துள்ளிக்கொண்டிருக்க வேண்டியவை அடியில் மண்டியாகப் படிந்திருந்தன. வேறு வண்டிக்கு நாலு பக்கமும் போன் போட்டாள். மீன் வண்டிகள் லோடு ஏற்றிப் போய்விட்டன. மற்றதெல்லாம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இலையும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு திருநள்ளாற்று நெரிசலில் நின்றன.

காஜா ஸ்கூட்டரில் வந்தார். அடியில் புகுந்தவர் அங்கிருந்தே பேசினார். "கட்டைவிரல் நுழையற ஓட்டை. பல்லு தேயல, நல்லவேளை நிறுத்திட்ட. இனிமே சோப்பு நிக்காது. மூடி வேணும், எண்ணெய் வேணும். வாங்கட்டுமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் குட்டையிலிருந்து சுப்பையன் போனில் வந்தார்.

"எங்கம்மா நிக்கிற?"

சொன்னாள். குட்டையில் காற்றடிக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே அவர் குரலை உயர்த்தினார்.

"இரும்பும் எண்ணெயும் ஒண்ணா, அதுவும் இன்னைக்கா? போன தடவ இந்த மிஷினு சனிக்கிழமதான் வந்து எறங்குச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

"மாமா, குஞ்சு அடியில படுத்துடுச்சு."

"வாங்காதன்னு சொல்லலம்மா. யோசின்னு சொல்றேன்."

அவள் யோசித்தாள். வாங்கி, குஞ்சும் செத்துப்போனால் வெயிலையோ வண்டியையோ யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. மூடியைத்தான் சொல்வார்கள், சாகிறவரைக்கும் சொல்வார்கள். அவளே நம்பினாலும் நம்பிவிடுவாள்.

"நான் வாங்கறேன் தங்கச்சி" என்றார் காஜா. "எனக்குச் சனியும் ஒண்ணுதான், செவ்வாயும் ஒண்ணுதான்."

"உங்க தலையில ஏன் கட்டணும்? என் பேர்லயே வாங்குங்க. சனி வந்து கேட்டா என் விலாசத்தக் குடுங்க."

"அவருக்கு விலாசம் எதுக்கு? பக்கத்துத் தெருக்காரருதான" என்று ஸ்கூட்டரை உதைத்தார்.

அவர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவளால் ஆகவில்லை. அவர் விட்டுப்போன கருவிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தாள். முதல் சில போல்ட்டுகள் இணங்கிவந்தன. கீழ்மூலைப் போல்ட் துருவில் இறுகி உட்கார்ந்திருந்தது. தலை முறிந்தால் அந்தத் துளையைத் தோண்ட லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இரண்டு கையாலும் அழுத்தினாள். அசையவில்லை. ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளமாக்கி, மூச்சை அடக்கி மிதித்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். முறிந்ததா, கழன்றதா? கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவே பயந்தாள். தொட்டுப் பார்த்தாள். தலை இருந்தது. துருப்பொடி முகத்தில் கொட்ட, போல்ட் சுற்றிக்கொண்டு வந்தது.

புது மூடியும் எண்ணெயுமாக வந்த காஜா இதைப் பார்த்துவிட்டு, "கடைய உன் பேருக்கு எழுதி வச்சுடட்டுமா?" என்றார். பழைய மூடியை நெம்பி எடுத்தார். விளிம்பைச் சுரண்டித் துடைத்து, புது மூடியில் சிலிக்கான் பேஸ்ட்டைப் பாம்புபோல் வளைத்துப் பூசி, போல்ட்டுகளை எதிரும் புதிருமாக முடுக்கினார்.

"ஊத்துங்க பாய்."

"பேஸ்ட்டு இறுகட்டும்."

"அது இறுகறதுக்குள்ள இது செத்துடும்."

"இப்ப ஊத்தினா அரசலாத்துப் பாலத்துல நின்னு மறுபடி எனக்குப் போன் போடுவ. அங்க மரமும் கிடையாது."

அந்தக் காத்திருப்புதான் அவளைக் கொன்றது. எதிரே சர்பத் கடையில் இருந்த ஐஸையெல்லாம் கேட்டு வாங்கி, உடைத்து, பெட்டிக்கு ஒரு துண்டாக வைத்தாள். வெயில் பக்கத்துப் பெட்டிகளைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரு வழியாகக் காஜா விளிம்பை நகத்தால் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். எண்ணெய் உள்ளே போயிற்று. அடியில் கையை வைத்துப் பார்த்தார். சொட்டவில்லை.

காரைக்கால் நெரிசலில் ஒவ்வொரு பேருந்தின் பின்னாலும் நின்று நின்று போனாள். பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. வண்டி ஆரோக்கியமாக இருந்தது. பெட்டிகள்தான் என்ன ஆயினவோ தெரியாது.

குட்டையில் சுப்பையன் வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அன்பழகன் பைகளை இறக்கி, சூடு சமமாகட்டும் என்று தண்ணீரில் மிதக்கவிட்டான். ஒரு பையைப் பிரித்து அகலப் பேசினில் ஊற்றினார்கள். பிரதீபா கையை விட்டுத் தண்ணீரைச் சுழற்றினாள். உயிருள்ள குஞ்சு சுழலை எதிர்த்து நீந்தி ஓரத்துக்கு வரும். செத்தது நடுவில் போய்ச் சேரும்.

எல்லாமே நடுவில் போய்ச் சேர்ந்தன, வடிகட்டின டீத்தூள் மாதிரி. சுப்பையன் பேசினைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

தண்ணீர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. குவியலின் விளிம்பில் முடி அளவுக்கு ஏதோ அசைந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு நாலைந்து, பிறகு ஒரு கூட்டமே வாலை உதறிக்கொண்டு எதிர்த்துத் திரும்பி, பேசின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒரு சிட்டிகை மட்டும் அசையாமல் கிடந்தது. வெயில் பக்கத்துப் பெட்டிகளைத் திறந்தபோது நடுவில்தான் அதிகம், ஓரத்தில் கொஞ்சம்.

"குட்டைக்குக் காணுமா?" என்றான் அன்பழகன்.

"அடர்த்தி குறையும். காணும்" என்றாள் பிரதீபா.

சுப்பையன் செத்தவற்றை உள்ளங்கையில் அள்ளி உற்றுப் பார்த்தார். மருமகள் எதற்கும் தயாராக நின்றாள்.

"இதெல்லாம் வெயில்ல செத்ததும்மா" என்றார். "நேத்தே அந்த மூடிய மாத்தியிருக்கணும். நிக்காத, அடுத்த பெட்டியக் குடு."