பெட்ரோல் தின்னாத பெயிண்ட்

தத்தோபா சௌகுலே மாமா மேல் எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கோபம் வரும். தசரா வண்டிப் பூஜைக்கு நாலு நாள் முன்னால், தன் புல்லட்டின் டேங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் பெயிண்ட் பட்டறை வாசலில் வந்து நிற்பாரே, அப்போது.

கோலாப்பூர் பால் பண்ணையில் முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஐந்து வருஷம். பிள்ளை குட்டி இல்லை. இருப்பது அந்தக் கறுப்பு புல்லட் ஒன்றுதான். அதிலும் பெட்ரோல் மூடியைச் சுற்றி வருஷா வருஷம் பெயிண்ட் உரிந்திருக்கும்.

"சாதா பெயிண்ட் பெட்ரோல் பட்டா கரையும் மாமா. இறுக்கிப் பிடிக்கிற ஹார்டனர் கலந்து அடிச்சு, மேல கண்ணாடி மாதிரி கிளியர் பூச்சு கொடுத்தா, பத்து வருஷத்துக்கு அசையாது. எத்தனை தடவ சொல்றது? இதுக்குச் சுவரோட பேசலாம்."

"பத்து வருஷத்துக்கு நான் இருக்கணுமே தாயி. சாதாவே அடி."

"நீங்களே பெட்ரோல எடுத்து மேல ஊத்துறீங்களோன்னு சந்தேகமா இருக்கு."

சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார்.

தேய்ப்பு, பிரைமர், பூச்சு, பாலிஷ் என்று மூன்று நாள் வேலை. மூன்று நாளும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார். மதியம் தன் சோள ரொட்டியைப் பிட்டு, பச்சைமிளகாய்ச் சட்னியோடு பாதியை என் பக்கம் தள்ளுவார். கேட்டுக் கேட்டுப் புளித்த லாரிக் கதைகள் வேறு.

போன தசராவுக்கு அவரைக் கேட்காமல் நானே நல்ல பெயிண்டை அடித்துவிட்டேன். கிளியர் மேல் பெட்ரோலை ஊற்றித் துடைத்தும் காட்டினேன். சுவடே இல்லை.

மாமா விரலால் தடவிப் பார்த்தார். "இனி போகவே போகாதா?"

"போகாது!"

"கெட்டிக்காரி," என்றார். முகம் செத்துத்தான் கிடந்தது. என் கைவேலையின் பூரிப்பில் எனக்கு அது உறைக்கவில்லை.

இந்த வருஷம் தசராவுக்கு மூன்றே நாள் இருந்தது. ஆளைக் காணோம். தொல்லை விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மதியம் டப்பாவைத் திறந்தால் எதிரே காலி ஸ்டூல். சோறு இறங்கவில்லை. அந்தப் பட்டறையில் எனக்கு மட்டும் வேறு யார் இருக்கிறார்கள்?

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் புல்லட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, வழி மறந்துபோச்சா?"

"வேலை இல்லாம எப்படி தாயி வர்றது? சும்மா வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?" துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டேங்க்ல ஒரு குறையும் இல்ல."

குனிந்து டேங்க் முழுக்கத் தேடினேன். ஒரு கீறல் கிடைக்கவில்லை. என் வேலையை நானே திட்டியது அன்றைக்குத்தான்.

"மட்கார்டு டேங்கோட ஒத்துப்போகல மாமா. இது வேற கறுப்பு. நாளைக்குக் கழட்டி எடுத்துட்டு வாங்க."

மாமா மட்கார்டைப் பார்த்தார். டேங்கைப் பார்த்தார். இரண்டும் ஒரே கறுப்புதான். வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா தாயி, நல்லாவே தெரியுது," என்றார். "ஆனா இதுக்குச் சாதா பெயிண்டே போதும்."